கச்சான் காற்றில் பைக்: ராமநாதபுரம் கடலோரச் சாலைகளில் நீண்டநாள் ஓட்டிய அனுபவம்

தொண்டியிலிருந்து சாயல்குடி வரை, அந்தப் பக்கம் ராமேஸ்வரம் வரை, படகு எஞ்சின் உதிரி பாகங்களோடு அலைவதுதான் என் பிழைப்பு. ஃபில்டர், பம்ப் சீல், பெல்ட், கேஸ்கெட் எல்லாம் பின்னால் மாட்டிய பெட்டியில் அடங்கிவிடும் என்பதால் பல வருடமாக பைக்தான். 150 சிசி, முன்சக்கரத்துக்கு மட்டும் ஏபிஎஸ் (பிரேக் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பது). மைலேஜ், பிக்கப் பற்றியெல்லாம் எழுத ஆள் நிறைய இருக்கிறார்கள். இத்தனை வருடத்தில் இந்த வண்டி என் கண்ணையும் காதையும் மூக்கையும் என்ன செய்துவிட்டது என்பதுதான் நான் எழுத வந்தது.

நடுவில் கொஞ்ச காலம் கடை வேனை ஓட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஏசி போட்டுக்கொண்டு, பாட்டுக் கேட்டுக்கொண்டு. அதே சாலைதான். ஆனால் தேவிபட்டினத்தில் கிளம்பி கீழக்கரையில் இறங்கியதும் வழியில் என்ன பார்த்தாய் என்று யாராவது கேட்டால் முழித்திருப்பேன். பைக்குக்குத் திரும்பிய பிறகுதான் வித்தியாசம் உறைத்தது. எங்கே கருவாடு காய்கிறது, எங்கே சாலையில் வைக்கோல் கிடக்கிறது, எந்தத் திருப்பத்தில் டீசல் சிந்தியிருக்கிறது என்று எல்லாம் தானாக மனதில் ஏறுகிறது. விழுந்தால் தோல் உரியும் என்ற பயமும் ஒரு காரணம்தான். அதை எதற்கு மறைக்க வேண்டும்?

மாசி, பங்குனியில் முண்டு மிளகாய் காயும் நாட்களில் வாருங்கள். களம் கண்ணில் படும் முன்பே மூக்கு எரியும். களம் இருந்தால் ஆள் இருப்பார்கள், சாக்கு ஏற்றும் வண்டி பாதி ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்கும். மூக்கு எரிந்ததுமே ஆக்சிலேட்டரைக் குறைக்கக் கை பழகிவிட்டது.

மீன் வண்டி விஷயமும் இதே ரகம். மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் மீன் ஏற்றிய வண்டிகள் ஐஸ் தண்ணீரை ஒழுகவிட்டுக்கொண்டே போகும். நேர்ச்சாலையில் அது சொட்டுச் சொட்டாக விழுந்து காய்ந்துவிடும். திருப்பத்திலும் வேகத்தடையிலும்தான் வண்டி குலுங்கி மொத்தமாகக் கொட்டும். அதாவது நாம் வண்டியைச் சாய்க்கிற, பிரேக் பிடிக்கிற அதே இடத்தில். வெறும் தண்ணீர் என்றால் பரவாயில்லை, இதில் மீன் எண்ணெயும் வழுவழுப்பும் கலந்திருக்கும். கவிச்சி வாடை திடீரென்று கூடினால், அடுத்த திருப்பத்துக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, ஈரத்தின் மேல் போகும்போது வண்டியை நிமிர்த்தியே வைத்து, முன் பிரேக்கைத் தொடாமல் கடந்துவிடுவேன். வேனில் போன காலத்தில் இந்த வாடையே எனக்கு வந்ததில்லை.

பாம்பன் சாலைப் பாலத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அன்னை இந்திரா காந்தி பாலம், 1988ல் திறந்தது, ஏறக்குறைய 2.3 கிலோமீட்டர். ஒரு பக்கம் மன்னார் வளைகுடா, மறு பக்கம் பாக் விரிகுடா. வைகாசி தொடங்கி ஆவணி வரை கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, அடிக்கும் காலத்தில் மண்டபத்திலிருந்து போனால் காற்று வலது பக்கத்திலிருந்து வரும். நம்மை அறியாமலே வண்டியை லேசாக வலது பக்கம் சாய்த்துப் பிடித்துத்தான் நேராகப் போவோம். அந்த நேரத்தில் எதிரே ஒரு பேருந்து வந்தால் அது நமக்கும் காற்றுக்கும் நடுவில் சுவர் மாதிரி வந்துவிடும். காற்று ஒரு நொடி அறுந்துபோகும். சாய்ந்த வண்டி அப்படியே பேருந்தை நோக்கி இழுக்கும். பேருந்து கடந்ததும் தேக்கி வைத்திருந்த காற்றெல்லாம் சேர்ந்து ஒரே அறையாக அறைந்து இடது பக்கக் கைப்பிடிச் சுவரை நோக்கித் தள்ளும். இரண்டும் கண் சிமிட்டும் நேரத்தில் நடந்து முடிந்துவிடும்.

இதற்கு ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்தால் நிலைமை மோசமாகும். தோள் இறுகினால் காற்றின் ஒவ்வொரு உதறலும் நேராக முன்சக்கரத்துக்குப் போய்விடுகிறது. முழங்காலால் டேங்கைப் பிடித்துக்கொண்டு கையைத் தளர்த்திவிட வேண்டும். பெரிய வண்டி எதிரே தெரிந்ததுமே வேகத்தைக் குறைத்து, நம் பாதையின் நடுவுக்கு வந்துவிட வேண்டும், இரண்டு பக்கமும் நகர இடம் இருக்கும்படி. திரும்பி வரும்போது கணக்கு மாறும். காற்று இடது பக்கத்திலிருந்து வந்து நம்மை எதிர்ப்பாதைக்குத் தள்ளும். ஐப்பசிக்கு மேல் வாடைக்காற்று வந்துவிட்டால் இதெல்லாம் தலைகீழ். அதனால் பாலம் ஏறும் முன் கடலைப் பார்ப்பேன். எந்தப் பக்கம் நுரை தள்ளுகிறது, எந்தப் பக்கம் குளம் போல் கிடக்கிறது என்று பார்த்தாலே காற்று எங்கிருந்து என்பது தெரிந்துவிடும். பழைய ரயில் பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலையே நிறுத்தி வைப்பார்கள். பைக்காரனை நிறுத்த அங்கே சிக்னல் கிடையாது. ஹெல்மெட்டைத் தாண்டிக் காதில் கேட்கும் ஊளையை வைத்து நாமேதான் முடிவு செய்ய வேண்டும்.

காற்றுக்கு அடுத்த தொல்லை போட்டோ எடுக்க நிறுத்தும் கார்கள். புதிய தூக்குப் பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த பிறகு கேட்கவே வேண்டாம். நிறுத்தி வைத்த காரைக் கடக்கும்போது நான் பார்ப்பது மூன்று விஷயம்: பின் கண்ணாடி வழியாக டிரைவர் சீட்டில் தலை தெரிகிறதா, பிரேக் விளக்கு எரிகிறதா, முன்சக்கரம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது. தலை தெரிந்தால் கதவு திறக்கலாம் என்றே வைத்துக்கொள்ள வேண்டும்.

பைக் ஓட்டினால் கவனம் கூடுகிறது என்று அமெரிக்காவில் ஓர் ஆய்வே வந்திருக்கிறது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் 50 அனுபவசாலி ஓட்டுநர்களை வைத்துச் செய்தார்கள். ஓட்டும்போது இதயத் துடிப்பு 11 சதவீதமும் அட்ரினலின் 27 சதவீதமும் கூடின, மன அழுத்தத்தைக் காட்டும் ஹார்மோன் அளவு 28 சதவீதம் குறைந்தது, ஒரு காப்பி குடித்தது போன்ற விழிப்பு வந்தது என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பணம் போட்டது ஹார்லி-டேவிட்சன் என்பதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். என் அனுபவத்தில் விழிப்பு வருவது உண்மை. அந்த விழிப்பு எதைப் பார்க்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ரீல்ஸ் போடும் பையன்களும் முழு விழிப்போடுதான் ஓட்டுகிறார்கள்!

எனக்கு அதைவிட உபயோகப்பட்டது ஒரு பழைய ஆய்வு. லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் 900 பைக் விபத்துகளை நேரில் போய் ஆராய்ந்து 1981ல் வெளியிட்டது, ஹாரி ஹர்ட் என்பவர் தலைமையில். ஆபத்து தொடங்கியதிலிருந்து மோதும் வரை ஓட்டுபவனுக்குக் கிடைப்பது பெரும்பாலும் இரண்டு நொடிக்கும் குறைவு என்று அதில் இருக்கிறது. 60 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு நொடி என்றால் 33 மீட்டர். நம் ஊரில் சீமைக்கருவேலம் தார் விளிம்பு வரை வளர்ந்து நிற்கிறது. அதற்குள்ளிருந்து ஆடு வெளியே வர 33 மீட்டரெல்லாம் கொடுக்காது. எனவே ஆட்டைப் பார்த்து பிரேக் பிடிப்பது என்ற திட்டமே செல்லாது. ஆடு வருவதற்கு முந்தைய அறிகுறியைப் பார்க்க வேண்டும்: ரோட்டில் புதுப் புழுக்கை, ஆடு மேய்ப்பவர் கருவேல மரத்தில் சாய்த்து வைத்த தொரட்டிக் கம்பு, அந்தப் பக்கம் நிற்கும் தாய் ஆடு. தாய் அந்தப் பக்கம் இருந்து குட்டி இந்தப் பக்கம் இருந்தால் குட்டி ஓடியே தீரும், ஹாரன் அடித்தால் இன்னும் வேகமாக ஓடும்.

சந்திப்புகளில் பார்க்க வேண்டியதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது மண்டபத்து நாட்டுப்படகுக்காரர் ஒருவர். அவர் சொன்னது கடலைப் பற்றி. "ராத்திரி தூரத்துல ஒரு வெளிச்சம் தெரியும் தம்பி. அது இடம் மாறிக்கிட்டே இருந்தா பயமில்ல, நம்மளத் தாண்டிப் போயிரும். இடம் மாறாம பெருசாகிட்டே வந்தா, அது நம்ம மேலதான் வருது." அண்ணன் சும்மா பேச்சுவாக்கில் சொன்னார். கப்பல்கள் மோதாமல் இருக்க வகுத்த சர்வதேச விதிகளிலும் இதே விஷயம் இருக்கிறது. உச்சிப்புளி பக்கம் கிளைச்சாலையிலிருந்து வரும் கார் நம் பார்வையில் ஒரே புள்ளியில் ஒட்டியது போல் நின்றால் அதுதான் நம்மைச் சந்திக்கப் போகும் கார்.

அந்த டிரைவருக்கும் இதே கதைதான். நாமும் அவர் பார்வையில் நகராத ஒரு சின்னப் புள்ளி. அவர் முகம் நம் பக்கம் திரும்பியிருக்கும், ஆனால் கண்ணில் பட்டிருக்காது. ஒரு காரின் முன் தூண் மறைவிலேயே முழு பைக்கும் ஒளிந்துகொள்ளும். அதனால் டிரைவர் முகத்தை நம்புவதை விட்டுவிட்டேன். அவர் சக்கரத்தைப் பார்ப்பேன். கூடவே, சந்திப்பு நெருங்கும்போது நம் பாதைக்குள்ளேயே லேசாக இடம் வலம் ஒருமுறை நகர்ந்து காட்டுவேன். ஹெட்லைட் பின்னணியிலிருந்து பிரிந்து அசைந்தால் கண்ணில் படும். இதை ஆரம்பித்த பிறகு பாதி ரோடு வரை வந்துவிட்டு நிற்கும் கார்கள் கண்கூடாகக் குறைந்திருக்கின்றன.

வெயிலுக்கும் ஒரு கணக்கு உண்டு. காலையில் ராமேஸ்வரம் போகும்போதும் மாலையில் ராமநாதபுரம் திரும்பும்போதும் சூரியன் முகத்துக்கு நேராக இருக்கும். அது எல்லாருக்கும் தெரியும், கண்ணைச் சுருக்கிக்கொள்வோம். ஏமாற்றுவது அடுத்த நிலை. சூரியன் நமக்குப் பின்னால் இருந்தால் நமக்கு எல்லாம் பளிச்சென்று தெரியும், ஆனால் எதிரே வருபவருக்கு நாம் தெரிய மாட்டோம். என் நிழல் எனக்கு முன்னால் நீண்டு விழுகிறது என்றால், எதிரே முந்திக்கொண்டு வரும் வேன் என்னைப் பார்க்கவில்லை என்றே வைத்துக்கொள்வேன்.

நாள்காட்டியும் பார்க்க வேண்டும். ஆடி, புரட்டாசி, தை அமாவாசைகளில் அக்னி தீர்த்தத்துக்கும் சேதுக்கரைக்கும் வரும் வேன்கள் இரவு முழுக்க ஓடி விடியற்காலையில்தான் இங்கே வந்து சேரும். டிரைவருக்குக் கண் சொருகும் நேரம் அது. வெளி மாவட்டப் பதிவெண் வண்டி கோட்டைத் தொட்டுத் தொட்டு விலகினால் முந்தப் பார்க்காமல் ஓரமாக நின்று அனுப்பிவிடுவது நல்லது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகு ஓடாது, மீன் லாரி குறையும். ஆனால் அதுதான் பள்ளி விடுமுறை, சுற்றுலாக் கார் கூடும்.

சரி, இத்தனையும் பைக் தானாகக் கொடுத்துவிடுமா? கொடுக்காது. கீழக்கரை, ஏர்வாடி தாண்டி சாயல்குடி போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மதியம் இரண்டு மணிக்கு ஓட்டிப் பாருங்கள். பொட்டல், பனை, கருவேலம், மறுபடி பனை. கண் திறந்திருக்கும், மண்டை எங்கோ போயிருக்கும். பைக்கிலும் தூக்கம் வரும் என்பதைப் பலர் நம்புவதில்லை. நான் செய்வது, பார்ப்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டுவது. "இடது பக்கம் சைக்கிள், பெரியவர், திரும்பிப் பார்க்கல. முன்னால டிப்பர், தார்ப்பாய் கட்டல." சில நாடுகளில் போலீஸ் டிரைவர் பயிற்சியில் இது ஒரு பாடம். ஹெல்மெட்டுக்குள் பேசுவதால் யாருக்கும் கேட்காது, வெட்கப்பட வேண்டியதில்லை. வாய்க்கு வேலை கொடுத்தால் கண் அடுத்ததைத் தேட ஆரம்பிக்கிறது. அதற்கும் தூக்கம் விலகவில்லை என்றால் நிறுத்தி ஒரு பதநீரோ டீயோ குடிக்க வேண்டியதுதான்.

தனுஷ்கோடிக்கு வேலையாகப் போவது குறைவு, சொந்தக்காரர்கள் வந்தால் கூட்டிப் போவேன். முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை 2017ல் திறந்த சாலை, அம்பு விட்டது போல் நேர். வேகம் பிடிக்க ஆசை வரும். மணல்தான் அங்கே வில்லன். கறுப்புத் தார் திடீரென்று வெளிறினால் மேலே மணல் படர்ந்திருக்கிறது என்று அர்த்தம். நின்ற பிறகும் காற்றை மறக்கக் கூடாது. சைடு ஸ்டாண்டில் வண்டி இடது பக்கம் சாய்ந்திருக்கும், ஆகவே காற்று வலது பக்கத்திலிருந்து வரும்படி நிறுத்தி, முதல் கியரில் போட்டு வைக்க வேண்டும். வரிசையாக நிறுத்திய வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து கிடப்பதை அங்கே பார்க்கலாம்.

பொருட்கள் பற்றி இரண்டு வார்த்தை. ஐஎஸ்ஐ முத்திரை உள்ள முழு முக ஹெல்மெட், வெள்ளை நிறம். ஆக்லாந்தில் நடந்து 2004ல் வெளியான ஆய்வில் கறுப்பைவிட வெள்ளை ஹெல்மெட் போட்டவர்களுக்கு விபத்து அபாயம் 24 சதவீதம் குறைவு என்று வந்தது. வெயிலுக்கும் அதுதான் சுகம். ஹெல்மெட்டின் முன்கண்ணாடியான வைசர் இங்கே சீக்கிரம் போய்விடும். மணல் கீறிய வைசரில் இரவு ஹெட்லைட் பட்டால் முழுக் கண்ணாடியும் வெள்ளையாகிவிடும், துடைத்துப் பிரயோஜனமில்லை, மாற்றிவிட வேண்டும். காய்ந்த துணியால் துடைப்பதே பாதிக் கீறலுக்குக் காரணம், தண்ணீர் ஊற்றிய பிறகு துடையுங்கள்.

உப்புக்காற்று வண்டியைத் தின்றுவிடும். செயின், ஸ்போக், சைலன்சர் அடிப்பக்கம், கிளட்ச் கேபிள் என்று வரிசையாகத் துரு ஏறும். கீழக்கரையில் நான் விடும் பட்டறைக்கார காக்கா (அங்கே முஸ்லிம் அண்ணன்மாரை இப்படித்தான் கூப்பிடுவோம்), வண்டி கேட்டுக்குள் நுழையும் சத்தத்தை வைத்தே "செயினுக்கு எண்ணெய் காட்டி எத்தனை நாளாச்சு?" என்பார். அவரைப் பார்த்து எனக்கும் காது பழகிவிட்டது. பின் பிரேக் விட்ட பிறகும் உரசும் சன்னமான சத்தம், ஸ்பீடு பிரேக்கரில் ஃபோர்க் தட்டும் சத்தம் எல்லாம் மழைக்கு முன் கேட்டால் சில நூறு ரூபாயில் முடியும். கடலோரம் போய் வந்த அன்றே நல்ல தண்ணீரில் கழுவி, செயினைக் காயவைத்து எண்ணெய் விடுவதுதான் நான் தவறாமல் செய்யும் ஒரே சர்வீஸ்.

இப்போதும் மழைக்காலத்தில் கடை வேனை எடுப்பதுண்டு. பைக் பழக்கம் கூடவே வந்துவிடுகிறது. கண்ணாடியை நாலு விரல் இறக்கி வைத்துக்கொள்கிறேன், பாட்டு போடுவதில்லை, பாலத்தில் எதிரே பைக் வந்தால் அவனுக்குக் காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து என் பக்கம் கொஞ்சம் ஒதுங்கிக் கொடுக்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்து வரும் கடைப் பையனுக்குத்தான் எரிச்சல், ஏசி வேலை செய்யவில்லையா அண்ணே என்று கேட்டுக்கொண்டே வருவான்.