கடற்குகைப் பயணம்: பணம் கட்டும் முன் ஓத நேரத்தைக் கேளுங்கள்

படகில் தீவுக்குப் போய், கடல் வற்றும்போது வெளிப்படும் பாறைத்தளத்தில் நடந்து, கடற்குகைக்குள் ஒரு மணி நேரம். விளம்பரத்தில் இருந்தது இவ்வளவுதான். நாங்கள் நான்கு பேர் முழுப் பணத்தையும் முன்னதாகவே கட்டினோம். அந்தக் குகையை நான் இன்னும் பார்க்கவில்லை.

காலை 7 மணிக்குப் புறப்பாடு என்றார்கள். படகு வந்தது 9.30-க்கு. அதிலிருந்து வேறொரு குழு, முழங்கால்வரை நனைந்த உடையோடு, குகையைப் பற்றியே பேசிக்கொண்டு இறங்கியது. எங்களுக்கு விற்ற நேரத்தை அவர்களுக்கும் விற்றிருக்கிறார்கள் என்று அப்போதே புரிந்திருக்க வேண்டும். தாமதத்தைக் கேட்டதற்கு, "கடல் எங்கே ஓடிவிடப் போகிறது?" என்று படகோட்டி சிரித்தார். வெட்கக்கேடு, நாங்களும் சிரித்தோம்.

தீவில் இறங்கிப் பாறைத்தளத்தை அடைந்தபோது மணி 11. அன்று தாழ் ஓதம், அதாவது கடல் மிகவும் வற்றியிருக்கும் நேரம், 8.50-க்கு. பெரும்பாலான கடற்கரைகளில் தாழ் ஓதத்திலிருந்து உயர் ஓதம் வரை ஏறக்குறைய ஆறேகால் மணி நேரம் ஆகும். ஆனால் தண்ணீர் ஒரே சீராக ஏறாது. முதல் மணியில் மொத்த ஏற்றத்தில் 12-இல் 1 பங்கு, அடுத்த மணியில் 2, மூன்றாவது நான்காவது மணிகளில் மும்மூன்று பங்கு என்பது மாலுமிகளின் கணக்கு. அதாவது, பாதி ஏற்றம் நடுவிலுள்ள அந்த இரண்டு மணி நேரத்தில் வந்துவிடும். நாங்கள் கால் வைத்தது சரியாக அப்போது. போதாக்குறைக்கு, முந்தைய நாள் பௌர்ணமி. அந்த நாள்களில் ஏற்ற இறக்கம் வழக்கத்தைவிட அதிகம்.

வழிகாட்டி என்று அனுப்பப்பட்டவர் படகில் கயிறு பிடித்துக்கொண்டிருந்த இளைஞர். "கணுக்கால் அளவுதான்" என்றார். குகை வாசல் கண்ணுக்குத் தெரிந்தபோது தண்ணீர் தொடையில் இருந்தது. பாசியில் வழுக்கி நண்பருக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. திரும்பினோம். உயிர்காப்பு உடைகள் படகிலேயே இருந்தன. படகோ அடுத்த குழுவை ஏற்றப் போய்விட்டது. கைபேசியில் சிக்னல் இல்லை. பாறையில் ஒட்டி வாழும் ஓடுள்ள சிற்றுயிரான கொட்டலசு இருக்கும் உயரம்வரை கடல் வரும் என்று எங்கோ படித்தது நினைவுக்கு வர, அதற்கு மேலே ஒரு பாறை விளிம்பில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அந்த இளைஞர் மீது எனக்குக் கோபமில்லை. எங்களைவிட அவர்தான் அதிகம் பயந்திருந்தார்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது வந்த பதில்: "எதிர்பாராத இயற்கைச் சூழல்." இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. காற்றும் மழையும் ஏமாற்றலாம். ஓதம் நிலவையும் சூரியனையும் பின்பற்றுவது. பின்னாளில் கெல்வின் பிரபுவான வில்லியம் தாம்சன் 1870-களிலேயே அதை முன்கூட்டிக் கணிக்கப் பல்சக்கர இயந்திரம் செய்துவிட்டார். இவர்களின் அலுவலகச் சுவரிலேயே ஓத அட்டவணை தொங்கியது. அன்றைய 8.50-ஐச் சிவப்பு மையில் வட்டமிட்டும் வைத்திருந்தார்கள்.

இப்படிப்பட்ட பயணத்துக்குப் பணம் கட்டுகிறவர்கள், புறப்படும் நேரத்தை விட்டுவிட்டுத் தாழ் ஓத நேரத்தைக் கேளுங்கள். அதற்கு ஒரு மணி நேரம் முன்பாவது பாறையில் இருப்போமா என்று எழுத்தில் வாங்குங்கள். நாம் நடக்கும்போது படகு அங்கேயே நிற்குமா என்பதையும் விடாதீர்கள்.

கடைசியில் சமாதானமாக ஓர் இலவச மறுபயணம் தந்தார்கள். பயணம் போன நாளிலிருந்து சரியாக ஒரு வாரம் கழித்து, அதே 7 மணிப் புறப்பாடு. ஓதம் நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் பிந்தும். ஏழு நாளில் ஆறு மணி நேரம் நகர்ந்துவிடும். அட்டவணையைப் புரட்டினேன். அன்று காலை 8.30-க்கு உயர் ஓதம்.