எடுக்காத படத்துக்கு எழுதித் தரப்பட்ட ‘இயல்பு’

கழுத்துத் தமனியில் கிழிசல் உள்ளதா என்று பார்க்க எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொள்ளும் எவரும் அறிக்கையின் கடைசி வரியை மட்டும் படித்துவிட்டு நிம்மதியாக வீடு திரும்பிவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். எனக்குத் தரப்பட்ட அறிக்கையில் ‘கழுத்து இரத்தக்குழாய்கள் இயல்பாக உள்ளன’ என்று இருந்தது. அந்த இரத்தக்குழாய்களை அங்கே யாரும் படமே எடுக்கவில்லை.

பீரோ ஒன்றை நகர்த்துவதற்காகக் கழுத்தை ஒரு பக்கம் திருப்பியபடி முழு பலத்தையும் கொடுத்துத் தள்ளினேன். அன்று மாலையே இடப்பக்கக் கழுத்தில் தொடங்கிய வலி தாடை வழியாக ஏறிக் கண்ணுக்குப் பின்னால் போய் நின்றது. சுளுக்கு என்றெண்ணித் தைலம் தேய்த்துக்கொண்டேன். மூன்றாம் நாள் காலையில் கண்ணாடியைப் பார்த்தபோது இடது இமை சற்றுத் தாழ்ந்தும், அந்தக் கண்ணின் கண்மணி மற்றதைவிடச் சிறுத்தும் இருந்தன. மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் கழுத்துத் தமனியின் சுவர் வீங்கி, அதை ஒட்டி மேலேறும் நரம்பிழைகள் அழுந்தினால் இவ்விரண்டும் ஒரே பக்கத்தில் சேர்ந்து வரும் என்பதும், 1869-இல் இதை விவரித்த சுவிட்சர்லாந்துக் கண் மருத்துவர் ஹார்னரின் பெயரால் இது அழைக்கப்படுகிறது என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தன. என்னைப் பார்த்த மருத்துவர் தூக்கமின்மையாக இருக்கலாம் என்றாலும், எதற்கும் பார்த்துவிடுவோம் என்று ‘மூளை மற்றும் கழுத்து இரத்தக்குழாய்கள்’ எனச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அந்த மட்டில் அவர்மேல் எனக்குக் குறையில்லை.

மறுநாள் ஸ்கேன் நிலையத்தில் இரண்டுக்கும் சேர்த்தே கட்டணம் வாங்கினார்கள்; ரசீதிலும் அப்படியே இருந்தது. கருவிக்குள் இருந்த நேரம் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகப் பட்டதால், கழுத்தையும் எடுத்துவிட்டீர்களா என்று டெக்னீஷியனிடம் கேட்டேன். “எல்லாம் அதிலேயே வந்துவிடும் சார்” என்றார். வராது. மூளைக்கான படங்கள் மண்டையோட்டின் அடிப்பகுதிக்குச் சற்றுக் கீழே முடிந்துவிடும். கிழிசல் பெரும்பாலும் ஏற்படும் இடமோ அதற்கும் கீழே இருக்கும்.

அறிக்கை வந்த இரண்டாம் நாள் எழுதிக்கொண்டிருந்தபோது வலக்கையிலிருந்து பேனா நழுவியது. குனிந்து எடுக்க முயன்றேன், விரல்கள் மூடவில்லை. மனைவியை அழைத்தபோது சொல் குழறியது. பத்து நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட்டதால், ‘இயல்பு’ என்று எழுதிய தாளை நம்பி அன்று படுத்து உறங்கியிருப்பேன். அவள்தான் விடாமல் வேறொரு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றாள். அங்கிருந்த நரம்பியல் மருத்துவர் அறிக்கையை ஓரமாக வைத்துவிட்டுக் குறுந்தகட்டைக் கணினியில் போட்டு, ஒவ்வொரு வரிசையாகத் திறந்து பார்த்தார். அத்தனையும் மூளை. “உங்கள் கழுத்தை இதில் யாரும் பார்க்கவில்லையே” என்றார்.

அன்றிரவே இரத்தக்குழாய்களைக் காட்டும் சிடி ஸ்கேனான சிடி ஆஞ்சியோகிராம் எடுத்தார்கள். இடது தமனியின் உள்வழி நூல்போல் குறுகியிருந்தது. மறுநாள் எடுத்த எம்.ஆர்.ஐ. அதை உறுதிசெய்தது. தமனியின் உட்படலம் கிழிந்ததும் இரத்தம் சுவரின் அடுக்குகளுக்கு இடையே புகுந்து தேங்குகிறது. அதனால் வழி குறுகுவதோடு, அங்கே உருவாகும் இரத்தக்கட்டி பிய்ந்து மூளைக்குச் சென்று பக்கவாதத்தையும் உண்டாக்கக்கூடும். சுவருக்குள் தேங்கிய அந்த இரத்தத்தைக் கழுத்தின் குறுக்குவெட்டாக எடுக்கும் டி1 என்னும் எம்.ஆர்.ஐ. வகைப் படத்தில், சுற்றியுள்ள கொழுப்பின் வெளிச்சத்தை அடக்கிவிட்டால் மட்டுமே தெளிவாகக் காணலாம், ஏனெனில் கொழுப்பும் அதே படத்தில் வெண்மையாகவே தெரியும். ‘ஃபேட் சாட்’ என்று அவர்கள் சொல்வது இதைத்தான். அந்தப் படத்தில், கறுத்துச் சுருங்கிய தமனி வழியைச் சுற்றி ஒரு வெள்ளைப் பிறை இருந்தது. மருத்துவர் திரையில் விரல் வைத்துக் காட்டியபோது எனக்கே புரிந்தது.

நேர்மையாகப் பார்த்தால் இது எளிதான வேலையன்று. முதல் ஓரிரு நாட்களில் அந்த இரத்தம் இன்னும் வெளுத்துத் தெரியாது என்பதால் முறைப்படி எடுத்த படத்திலும் பிறை தவறிப்போகலாம். முதுகெலும்பை ஒட்டிச் செல்லும் பின்கழுத்துத் தமனிகளில் சுற்றியுள்ள சிரைகள் கண்ணை ஏமாற்றும். கிழிசலுக்கு எந்த மருந்து மேல் என்று ஒப்பிட்டு 2015-இல் வெளியான காடிஸ் ஆய்வில் சேர்க்கப்பட்ட 250 பேரின் படங்களை நிபுணர்கள் மீண்டும் பார்த்தபோது, 52 பேருக்குக் கிழிசலை உறுதிசெய்ய முடியவில்லை. ஆகவே பார்த்துத் தவறியிருந்தால் பொறுத்திருப்பேன். பார்க்காமலே பார்த்ததாக எழுதியதைத்தான் பொறுக்க முடியவில்லை. மூளை இயல்பாக உள்ளது என்ற வரி அன்றைக்கு உண்மையாகவே இருந்திருக்கலாம். ஆனால் மூளையில் இன்னும் சேதமில்லை என்பது கழுத்தில் கிழிசல் இல்லை என்பதற்குச் சான்றாகாது.

ஆகவே, ஸ்கேன் கருவியில் படுக்கும் முன்பே சீட்டில் உள்ள பகுதிகளையெல்லாம் எடுக்கப்போகிறார்களா என்று கேளுங்கள். அறிக்கையின் தொடக்கத்தில் எடுத்த படங்களின் வகைகள் வழக்கமாகக் குறிக்கப்பட்டிருக்கும். அங்கே கழுத்தே இல்லாமல் முடிவில் மட்டும் கழுத்து வருமானால், அந்த முடிவை நம்ப வேண்டாம். குறுந்தகட்டைக் கேட்டு வாங்கி, உங்களுக்கு மருத்துவம் செய்பவரையே திறந்து பார்க்கச் சொல்லுங்கள். ஒருபக்கக் கழுத்துவலியோடு இமை தாழ்ந்தாலோ, கை தளர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, கையில் எந்த அறிக்கை இருந்தாலும் உடனே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

எனக்கு இரத்தம் உறையாமலிருக்க மருந்து தந்தார்கள். ஆறு மாதங்களுக்குப் பின் எடுத்த படத்தில் தமனி பழைய அகலத்துக்குத் திரும்பியிருந்தது. ஸ்கேன் நிலையத்துக்கு எழுதிய முதல் இரண்டு கடிதங்களுக்குப் பதில் இல்லை. மூன்றாவதற்குப் பிறகு ஓர் உறை வந்தது. உள்ளே அதே அறிக்கை, அதே கையொப்பம், அதே பழைய தேதி. கழுத்தைப் பற்றிய வரி மட்டும் இல்லை. திருத்தப்பட்டது என்ற குறிப்பும் இல்லை. இரண்டு தாள்களையும் ரசீதோடு சேர்த்துப் புகார் மனுவுடன் இணைத்திருக்கிறேன்.