இன்வெர்ட்டருக்கு டியூபுலரா, லித்தியமா?

வீட்டு இன்வெர்ட்டருக்குப் பேட்டரி மாற்ற வேண்டி வந்தபோது இரண்டையும் விசாரித்துவிட்டு, ஈயத் தகடும் ஆசிட்டும் உள்ள வழக்கமான டியூபுலரையே வாங்கினேன். லித்தியம் எடை குறைவு, சீக்கிரம் சார்ஜ் ஏறும், தண்ணீர் ஊற்றும் வேலை இல்லை, விலைதான் அதிகம். இதெல்லாம் தெரிந்த கதை.

எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு: ஆயுள் முடிந்த பேட்டரி எங்கே போகும்? டியூபுலரின் எடையில் பாதிக்கு மேல் ஈயம். அதை உருக்கித் திரும்பத் திரும்பப் புது பேட்டரி செய்யலாம். அதனால்தான் கடைக்காரரே பழசை எடுத்துக்கொண்டு புதியதன் விலையில் கழித்துத் தருகிறார். காயலான் கடையில் கொஞ்சம் கூடக் கிடைத்தாலும் தயவுசெய்து அங்கே போடாதீர்கள். உடைத்து ஆசிட்டை மண்ணில் கொட்டி, ஈயத்தைத் திறந்தவெளியில் உருக்கும் இடங்களுக்கு அது போய்ச் சேரலாம். ஈயப் புகையும் தூசியும் குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே கெடுக்கும். பேட்டரிக் கடையிலேயே கொடுத்து, கழித்த தொகையை பில்லில் எழுதி வாங்குங்கள்.

லித்தியத்துக்கும் சட்டம் உண்டு. 2022 பேட்டரிக் கழிவு விதிகள்படி எந்த வகையானாலும் சேகரித்து மறுசுழற்சி செய்யும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. ஆனால் வீட்டு இன்வெர்ட்டருக்கு வருவது பெரும்பாலும் லித்தியம் இரும்பு பாஸ்பேட். நல்ல விலை போகும் உலோகங்களான கோபால்ட்டோ நிக்கலோ அதில் இல்லை. பிரித்தெடுத்தாலும் பெரிய காசு தேறாது. நான் கேட்ட கடையில் பழசுக்கு விலையே சொல்லவில்லை. அதற்காகக் குப்பையில் போட்டுவிடக் கூடாது, குப்பை வண்டியில் நசுங்கினால் தீப்பிடிக்கலாம்.

டியூபுலருக்குக் கவனிப்பு வேண்டும், உண்மைதான். தண்ணீர் அளவைக் காட்டும் மிதவை சிவப்புக் கோட்டுக்கு இறங்கும் முன் டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும். குழாய்த் தண்ணீர் கூடாது, ஆசிட்டும் கூடாது. சார்ஜை முழுக்கத் தீரவிட்டு அப்படியே போட்டால் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வருமென்பதால் காற்றோட்டமான இடம் அவசியம்.

லித்தியத்தை நான் வீட்டில் வைத்துப் பழகியதில்லை. பத்து ஆண்டு வரும் என்கிறார்கள். நம்ம ஊர் வெயிலில் எப்படி என்று என்னால் சொல்ல முடியாது. தினமும் மணிக்கணக்கில் கரண்ட் போகும் வீடு, சோலார் உள்ள வீடு, பால்கனி இல்லாத ஃபிளாட் என்றால் அதுவே சரியாக வரலாம். அப்படி வாங்கினால், இப்போதுள்ள இன்வெர்ட்டரில் லித்தியம் சார்ஜிங் இருக்கிறதா, பழசானதும் திரும்ப எடுப்பீர்களா என்று இரண்டையும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.