காம்ரேட்ஸ் ஓட்டத்தின் 12 மணி நேர பஸ்: எங்கே ஏறலாம், எப்போது இறங்கலாம்

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் நடுவே 1921 முதல் நடப்பது காம்ரேட்ஸ் ஓட்டம். டர்பனிலிருந்து மேலே ஏறி ஓடும் ஏறுமுக ஆண்டில் சுமார் 87 கி.மீ., எதிர்த்திசையில் ஓடும் இறங்குமுக ஆண்டில் 90 கி.மீ.க்குப் பக்கம். 12 மணி நேரக் கெடுவுக்குள் முடித்தால்தான் பதக்கம். அங்கே ‘பஸ்’ என்பது வண்டியல்ல. குறித்த நேரத்தில் முடிப்பதற்காக, கொடி பிடித்த ஓர் அனுபவசாலியின் பின்னால் ஓடும் கூட்டம். அவர்தான் ‘டிரைவர்’. காசு கிடையாது, யாரும் சேரலாம்.

இந்த பஸ்ஸின் பெரிய பலன் வேகம் அல்ல. களைத்த மூளையிடமிருந்து முடிவெடுக்கும் வேலையை அது பிடுங்கிக்கொள்கிறது. 60 கி.மீ. தாண்டியபின் ‘நடக்கலாமா, ஓடலாமா’ என்ற கேள்விதான் ஆளைச் சாய்க்கும். பஸ்ஸில் அந்தக் கேள்விக்கே இடமில்லை. டிரைவர் குரல் கொடுத்தால் நடை, மறுபடி கொடுத்தால் ஓட்டம். எந்த ஏற்றத்தில் எந்தக் கம்பம் வரை நடப்பது என்பதுகூட நல்ல டிரைவருக்கு மனப்பாடம். சோர்ந்த கால்களைப் பாட்டும் கைதட்டலும் இழுத்துச் செல்வது உண்மையிலேயே அபாரம்.

கணக்கும் சரியாகத்தான் இருக்கிறது. 90 கி.மீ.க்கு 12 மணி என்றால் கி.மீ.க்கு 8 நிமிடம். நான்கு நிமிடம் கி.மீ.க்கு 7:00 நிமிட வேகத்தில் ஓடி, ஒரு நிமிடம் 10:00 வேகத்தில் நடந்தால் சராசரி சுமார் 7:27. மிஞ்சுவது ஏற்றங்களுக்கும் தண்ணீர் மேசைகளுக்கும் போய்விடும். பின்வரிசையில் நிற்பவர்களுக்குத் தொடக்கக் கோட்டைத் தொடுமுன்னே சில நிமிடங்கள் கரைந்துவிடும். அதை டிரைவர் கணக்கில் சேர்த்திருக்கிறாரா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

குறை என்றால் நெரிசல். தண்ணீரும் பானங்களும் சின்ன பிளாஸ்டிக் உறைகளில் வரும். முனையைக் கடித்துத் துப்பிவிட்டுக் குடிக்க வேண்டும். பஸ் மொத்தமும் முதல் மேசையில் விழும்போது தடுக்கி விழுவதும், காலி உறைகளில் வழுக்குவதும் நடக்கும். சாலை ஓரமாக ஓடுங்கள், கடைசி மேசையில் எடுங்கள். கூட்டத்துக்குப் பயந்து உப்பு போட்டு அவித்த உருளைக்கிழங்கை விட்டுவிடாதீர்கள். இனிப்பு திகட்டும் நேரத்தில் அதுதான் உள்ளே இறங்கும்.

மனம் உடைவதாகத் தோன்றும் இடங்களில் பாதி, வயிறு காலியான இடங்கள். ஏறுமுகத்தில் பாதித் தூரமான டிரம்மண்டைத் தாண்டியதும் இஞ்சாங்கா ஏற்றம். அங்கே ‘இனி முடியாது’ என்று தோன்றினால் கோலாவோ சர்க்கரை ஜெல்லோ எடுத்து, 15 நிமிடம் பஸ்ஸோடு போன பிறகு முடிவு செய்யுங்கள். மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து என்ற கணக்கைத் தொடக்கத்திலிருந்தே விடக் கூடாது. ஆனால் விரல் வீங்கி, வாந்தி வந்து, பேச்சு குழறினால் அது மனச்சோர்வு அல்ல. தண்ணீர் மிஞ்சி ரத்தத்தில் உப்பு குறைந்திருக்கலாம். அந்த நிலையில் பஸ்ஸைப் பிடித்துத் தொங்குவது ஆபத்து. மேற்கொண்டு தண்ணீர் குடிக்காமல் மருத்துவக் கூடாரத்துக்குப் போக வேண்டும்.

வழியிலுள்ள பலகைகள் ஓடிய தூரத்தைக் காட்டாது, மிச்சத் தூரத்தைத்தான் காட்டும். காலையிலேயே ‘80’ என்று பார்ப்பது மனத்தைக் குலைக்கும். டிரம்மண்ட் வரை அவற்றைக் கண்டுகொள்ளாமல், அடுத்த நடை இடைவேளை வரை மட்டும் யோசிப்பது நல்லது. டிரம்மண்ட் அருகே ஆர்தர் நியூட்டனின் இருக்கை என்று சொல்லப்படும் குழிவு பாறையில் இருக்கிறது. ஐந்து முறை வென்ற அவருக்கு வணக்கம் சொல்லிப் பூ வைத்தால் பின்பாதி நன்றாகப் போகும் என்பது நம்பிக்கை. பஸ் நிற்காது, ஆசை இருந்தால் முன்னால் ஓடிப்போய் வைத்துவிட்டுச் சேர்ந்துகொள்ளுங்கள்.

வேகமாகப் போய்ச் சரிந்தபின் பஸ்ஸில் ஏற நினைப்பவர்கள் ஒரு நடை இடைவேளையில் ஏற வேண்டும். ஓட்டத்தின் நடுவே தாவினால் அடுத்த ஏற்றத்திலேயே உதிர்வீர்கள். இறங்குமுக ஆண்டில் ஃபீல்ட்ஸ் ஹில்லின் சுமார் 3 கி.மீ. சரிவில் தொடைகள் கிழிந்த பிறகு எந்த டிரைவராலும் காப்பாற்ற முடியாது. அங்கே பஸ் வேகம் கூட்டினால் கூடவே பாயாதீர்கள், சின்னச் சின்ன அடியாக இறங்குங்கள்.

ஏறுமுகத்தில் கடைசிப் பெரிய ஏற்றமான பாலி ஷார்ட்ஸை முடித்ததும், கால் ஒத்துழைத்தால் தாராளமாக பஸ்ஸைவிட்டு முன்னே போகலாம். 9, 10, 11 மணி நேர பஸ்களும் உண்டு. 11 மணி நேரத்தில் முடிக்கலாம் என்று பயிற்சி ஓட்டங்கள் காட்டினால் அதிலேயே ஏறுங்கள். 12 மணி நேர பஸ்ஸில் சறுக்கினால் ஈடுகட்ட அவகாசமே இருக்காது.