சுகர்காரங்க கால் டெஸ்ட்: வீட்ல விரலா, கிளினிக்ல நைலான் இழையா?

எங்க அப்பத்தாவுக்கு ரொம்ப வருஷமா சுகர். போன தைப்பூசத்துக்கு காரைக்குடில இருந்து பழனிக்கு வெறுங்கால்ல நடந்துட்டு வந்தாக, பாதத்துல கொப்பளம் உடைஞ்சு புண்ணானது அவுகளுக்கே தெரியல, வீட்டு வளவுல ஆத்தங்குடி கல்லு தரை மேல ஈரத்தடம் பாத்துத்தான் நாங்க பதறிப்போனோம்.

சுகர்ல கால்ல உணர்ச்சி குறைஞ்சா இப்படித்தான் புண்ணு தெரியாது, அந்த உணர்ச்சிய பாக்கத்தான் இந்த ரெண்டு டெஸ்ட்டும். வீட்ல பண்றது இப்ஸ்விச் டச் டெஸ்ட், அதாவது விரலால தொட்டுப் பாக்குறது. கண்ணை மூடச்சொல்லி ரெண்டு கால்லயும் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனில நம்ம ஆள்காட்டி விரலால ஒண்ணு ரெண்டு செகண்ட் லேசா தொடணும், அழுத்தக்கூடாது, தட்டக்கூடாது, தடவக்கூடாது. 6 இடத்துல 2 இடமோ அதுக்கு மேலயோ தெரியலைன்னா உணர்ச்சி குறைஞ்சிருக்கு, உடனே டாக்டர்ட்ட காட்டுங்க. காசே ஆகாது, ஆனா தொடுற அழுத்தம் ஆளுக்கு ஆள் மாறும்.

கிளினிக்ல மோனோஃபிலமென்ட்னு ஒரு நைலான் இழை வச்சிருப்பாங்க. 10 கிராம் அழுத்தத்துல அது வளைஞ்சிடும், அதனால யார் வச்சாலும் ஏறக்குறைய ஒரே அழுத்தம்தான், உள்ளங்கால்லயும் பாப்பாங்க. காய்ப்பு மேல வைக்கக்கூடாது, அங்க தோல் தடிச்சிருக்கும். ஒரே இழையை வரிசையா நெறைய பேருக்கு வச்சா அது தொய்ஞ்சுபோயிடும், இத நான் கேட்டே தெரிஞ்சுக்கிட்டேன்.

ரெண்டுமே ரத்த ஓட்டத்தக் காட்டாது, அதுக்கு டாக்டர் பாதத்துல நாடி பாக்கணும். அதனால என் ஓட்டு கிளினிக்குத்தான், வருஷத்துக்கு ஒரு தடவையாவது. நடுவுல விரல் டெஸ்ட் வீட்ல பண்ணலாம், தெனமும் பாதத்த கண்ணால பாக்குறது தனி. இந்த வருஷம் யாத்திரைக்கு முன்னாடியே அப்பத்தாவ கூட்டிட்டுப் போறேன்.