கூடாரத்தில் பைக், மெத்ரோவில் பாரிஸ்: பூலோஞ் காட்டுக் கூடாரத் தளம் பற்றிய மதிப்புரை

மோட்டார் சைக்கிளில் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு ஐரோப்பாவைச் சுற்றுகிறவர்களுக்குப் பெருநகரம் என்றாலே ஒரு தயக்கம் உண்டு. மலையடிவாரத்திலும் ஏரிக்கரையிலும் கூடாரம் போட இடம் எளிதாகக் கிடைத்துவிடும். நகரத்துக்குள் நுழைந்தால் விடுதியில்தான் தங்க வேண்டும், வண்டியைத் தெருவில் நிறுத்த வேண்டும், பெட்டிகளை எல்லாம் கழற்றி மாடிக்குச் சுமக்க வேண்டும். இந்தத் தொல்லைக்கு அஞ்சியே இங்கிலாந்திலிருந்து தெற்கே ஆல்ப்ஸ் மலைக்குப் போகிறவர்களில் பலர் பாரிஸை வெளிவட்டச் சாலையோடு கடந்து போய்விடுகிறார்கள். அப்படிக் கடந்து போக வேண்டிய தேவையே இல்லை என்பதுதான் என் கருத்து. பாரிஸ் நகர எல்லைக்குள்ளேயே, பதினாறாம் வட்டாரத்தைச் சேர்ந்த பூலோஞ் காட்டின் மேற்கு ஓரத்தில், செய்ன் நதிக்கரையை ஒட்டி ‘கேம்பிங் த பாரிஸ்’ என்னும் கூடாரத் தளம் இருக்கிறது. இலண்டனிலிருந்து கலே வழியாகப் பாரிஸுக்குப் போய், அங்கே கூடாரம் அடித்துத் தங்கி, நகரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பியவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

கலேயிலிருந்து பாரிஸ் ஏறத்தாழ 290 கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் அது களைப்பில்லாத ஓட்டம்தான். கடைசிப் பகுதியில்தான் கவனம் தேவை. நகரைச் சுற்றி ஓடும் பெரிஃபெரிக் என்னும் வட்டச்சாலையில் 2024 அக்டோபர் முதல் வேக வரம்பு மணிக்கு 50 கிலோமீட்டர். அதைவிட முக்கியமானது, அந்தச் சாலையில் வலப்புறத்திலிருந்து வந்து சேரும் வண்டிகளுக்கே முன்னுரிமை என்பது. இங்கிலாந்திலும் நம் நாடுகளிலும் இடப்பக்கம் ஓட்டிப் பழகியவர்கள், சேருகிறவன்தான் காத்திருக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு வலது ஓரத் தடத்தில் போனால், வரிசையாக வந்து நுழையும் வண்டிகள் அவர்களைத் திடுக்கிட வைக்கும். போர்ட் மாயோ வெளிவாசலில் இறங்கியதும் காட்டுச் சாலைகள் தொடங்கிவிடுகின்றன. மரங்களுக்கு நடுவே சில நிமிடம் ஓட்டினால் நதிக்கரையும் தளத்தின் வாயிலும் வந்துவிடும். புறப்படுமுன் இரண்டு ஆயத்தங்கள் வேண்டும். ஒன்று, வண்டியின் மாசுத் தரத்தைக் காட்டும் கிரிட்ஏர் ஒட்டுவில்லை. வெளிநாட்டுப் பதிவு வண்டிக்கு அது தபாலில் வந்து சேர நாளாகும் என்பதோடு, விதிகளும் மாறிக்கொண்டிருக்கின்றன. ஆகவே முன்கூட்டியே அரசின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். மற்றொன்று, கையுறை. பிரான்சில் 2016 நவம்பர் முதல், தரச்சான்று பெற்ற கையுறை அணியாமல் மோட்டார் சைக்கிள் ஓட்டுவது குற்றம். பின்னால் உட்காருகிறவருக்கும் அது பொருந்தும்.

கூடாரத் தளம் என்ற அளவில் இது மலையிலோ கடற்கரையிலோ உள்ள தளங்களோடு போட்டியிடும் இடம் அன்று. மரநிழல் உண்டு, வெந்நீர்க் குளியலறை உண்டு, கடையும் உணவகமும் உண்டு. கூடாரம் இல்லாதவர்களுக்கு மரக்குடில்களும் வாடகைக்குக் கிடைக்கின்றன. மோட்டார் சைக்கிள்காரனுக்கு இதில் உண்மையான மதிப்பு, வண்டியைக் கூடாரத்துக்குப் பக்கத்திலேயே நிறுத்தலாம் என்பதுதான். தலைமாட்டில் வண்டி நிற்கிறது, பெட்டிகள் அதிலேயே பூட்டியபடி இருக்கின்றன, உள்ளே படுத்துக்கொண்டே கைநீட்டினால் டயர் தட்டுப்படுகிறது. இந்த நிம்மதியை நகர நடுவில் எவ்வளவு காசு கொடுத்தாலும் வாங்க முடியாது. ஆற்றங்கரை மண் மழைக்குப் பின் இளகிவிடும் என்பதால், சைடு ஸ்டாண்டுக்கு அடியில் வைக்க ஒரு தட்டையான பிளாஸ்டிக் வில்லையோ பலகைத் துண்டோ கையில் இருப்பது நல்லது. பாரம் ஏற்றிய வண்டி இரவில் மெல்லச் சாய்ந்து கூடாரத்தின் மேலேயே விழுவதற்கு இளகிய மண் ஒன்றே போதும். டிஸ்க் லாக்கும் சங்கிலியும் இங்கேயும் போட்டே ஆக வேண்டும்.

காலையில் எழுந்து கரைக்குப் போனால், நீண்ட சரக்குப் படகுகள் செய்ன் நதியில் போய்க்கொண்டிருக்கும். மணலோ சரளையோ ஏற்றிய படகு நீர்மட்டம் வரை அமிழ்ந்து, இயந்திரச் சத்தம் முதலில் கேட்டு, பிறகு மூக்குப் பகுதி தெரிந்து, கடைசியில் ஓட்டுநர் அறையும் அதன் கூரையில் கட்டிய சைக்கிளும் கடந்து போகும். எதிர்க்கரையில் சுரேன் நகரம். பாரிஸ் என்னும் பெருநகரத்தின் உள்ளேதான் அடுப்பு மூட்டித் தேநீர் போடுகிறோம் என்று நம்ப அப்போது சிரமமாக இருக்கும்.

இனி முக்கியமான செய்திக்கு வருகிறேன். பாரிஸைப் பைக்கில் சுற்றிப் பார்க்கலாம் என்று நினைத்து வருகிறவர்கள் அந்த எண்ணத்தைத் தளத்தின் வாயிலிலேயே விட்டுவிட வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன். 2021 ஆகஸ்ட் இறுதியிலிருந்து நகரின் பெரும்பாலான தெருக்களில் வேக வரம்பு 30 கிலோமீட்டர். 2022 செப்டம்பர் 1 முதல் பெட்ரோல் மோட்டார் சைக்கிள்களுக்கு வண்டி நிறுத்தக் கட்டணம் வந்துவிட்டது. தொடங்கியபோது மைய வட்டாரங்களில் மணிக்கு 3 யூரோ, வெளி வட்டாரங்களில் 2 யூரோ. நடைபாதையில் நிறுத்தினால் அபராதம். பன்னிரண்டு பெருஞ்சாலைகள் வந்து கூடும் வெற்றி வளைவுச் சுற்றில், நுழைகிறவனுக்கே முன்னுரிமை என்ற அதே விதி நடக்கிறது. அங்கே வளைவைப் பார்க்கவே நேரமிருக்காது. இவை எல்லாவற்றையும் சமாளித்துவிட்டாலும், ஜூலை வெயிலில் ஹெல்மெட்டையும் கனத்த ஜாக்கெட்டையும் கையில் தூக்கிக்கொண்டு அருங்காட்சியகத்தில் நடப்பது பார்வையிடல் ஆகாது. வண்டிக்கு ஓய்வு கொடுத்துவிட்டுச் செருப்போடும் ஒரு சிறு பையோடும் கிளம்புவதே சரி.

தளத்துக்குப் பக்கத்தில் மெத்ரோ நிலையம் இல்லை. இதன் பெருங்குறை என்று சொன்னால் இதைத்தான் சொல்ல வேண்டும். பருவ காலத்தில் போர்ட் மாயோ வரை தளத்தின் சிற்றுந்து ஓடுகிறது. மற்றபடி 244 என்ற நகரப் பேருந்து அதே போர்ட் மாயோவுக்குப் போகிறது. அதன் நிறுத்தத்தின் பெயரிலேயே ‘கேம்பிங்’ என்று இருப்பதால் தடுமாற வாய்ப்பில்லை. 2025 ஜனவரியில் வந்த கட்டண முறையில் பேருந்துச் சீட்டும் மெத்ரோச் சீட்டும் வேறு வேறு, ஒன்றை வைத்து மற்றதில் ஏற முடியாது. அந்த ஆண்டு பேருந்துச் சீட்டு 2 யூரோவாகவும் மெத்ரோச் சீட்டு 2.50 யூரோவாகவும் இருந்தன. ஆகவே ஒரு வழிக்கே 4.50 யூரோ ஆனது. நாள் முழுதும் சுற்றுகிறவர்கள் நாவிகோ என்னும் பயண அட்டையில் ஒருநாள் அனுமதியை ஏற்றிக்கொண்டால் கணக்குப் பார்க்கும் வேலை மிச்சம்.

போர்ட் மாயோவை அடைந்தபின் பாரிஸ் முழுதும் நம் கைக்குள் வந்துவிடுகிறது. 1900 ஜூலை 19 அன்று பாரிஸின் முதல் மெத்ரோ தடம் திறந்தபோது அதன் மேற்கு முனையாக இருந்தது இந்த நிலையம்தான். முதலாம் தடத்தில் இன்று ஓட்டுநர் இல்லாத வண்டிகள் ஓடுகின்றன. முதல் பெட்டியில் முன்கண்ணாடிக்கு நேரே உள்ள இருக்கை கிடைத்தால் விட்டுவிடக் கூடாது. நாள் முழுதும் கண்ணாடிக்குப் பின்னால் சாலையைப் பார்த்துப் பழகிய மோட்டார் சைக்கிள்காரனுக்கு, இருட்டுச் சுரங்கத்தில் தண்டவாளம் வளைந்து வந்து ஒளிமிக்க நிலையமாக விரிவது தனி விருந்து. இரண்டாவது நிறுத்தமான எத்துவாலில் இறங்கினால் வெற்றி வளைவு தலைக்கு மேலே நிற்கிறது. அங்கேயே ஆறாம் தடத்துக்கு மாறினால், பாசி நிலையத்தில் வண்டி வெளிச்சத்துக்கு வந்து பீர் அக்கேம் பாலத்தின் மேல் நதியைக் கடக்கும். இடப்பக்கச் சன்னலில் 330 மீட்டர் உயர ஈஃபிள் கோபுரம் அடி முதல் நுனி வரை தெரியும். கோபுரத்தை எத்தனையோ இடங்களிலிருந்து பார்த்தாயிற்று, அந்தச் சில வினாடிகளுக்கு ஈடாக எதையும் சொல்ல மாட்டேன். மாறாமல் முதலாம் தடத்திலேயே தொடர்ந்தால், லூவ்ர் அருங்காட்சியகம், நோத்ர தாமுக்கு நடக்கக்கூடிய ஷாத்லே, பாஸ்தீல் என்று ஒரே நேர்கோட்டில் நகரத்தின் பாதி வரலாறு கிடைத்துவிடுகிறது. லூவ்ர் ரிவோலி நிலையத்தின் நடைமேடையிலேயே அருங்காட்சியகச் சிலைகளின் படிமங்களை வைத்திருக்கிறார்கள்.

கூடாரவாசிகளுக்கு ஓர் எச்சரிக்கை. ரொட்டி வெட்டவும் வெங்காயம் நறுக்கவும் நாம் சட்டைப்பையில் வைத்திருக்கும் மடக்குக் கத்தி, லூவ்ரிலும் ஈஃபிள் கோபுரத்திலும் சேன்ட் ஷப்பெல் தேவாலயத்திலும் பாதுகாப்புச் சோதனையைத் தாண்டாது. சேன்ட் ஷப்பெல் நீதிமன்ற வளாகத்துக்குள் இருப்பதால் அங்கே சோதனை இன்னும் கடுமை. 1248-இல் அருட்பொழிவு பெற்ற அந்தத் தேவாலயத்தின் மேல்தளத்தில், பதினைந்து வண்ணக் கண்ணாடிச் சன்னல்களும் சுவர் என்ற ஒன்றே இல்லாதது போல் எழுந்து நிற்கின்றன. பாரிஸில் ஒரே ஒரு இடத்துக்குத்தான் நேரமிருக்கிறது என்று யாராவது கேட்டால், நான் லூவ்ரைச் சொல்ல மாட்டேன், இதைத்தான் சொல்வேன். வெயிலுள்ள நாளில் போக வேண்டும். அங்கிருந்து சில நிமிட நடையில் நோத்ர தாம். 2019 ஏப்ரல் 15 அன்று தீயில் கூரையை இழந்த அந்தப் பேராலயம், கருவாலி மரச்சட்டங்களைப் பழைய முறையிலேயே செதுக்கிக் கூரை அமைத்து, 2024 டிசம்பரில் மீண்டும் திறந்தது. நுழைவு இலவசம். சுத்தம் செய்யப்பட்ட கல்லின் வெண்மை, முன்பு பார்த்தவர்களுக்கு அதை வேறொரு கட்டடமாகவே காட்டும். லூவ்ர் செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும், ஓர்சே அருங்காட்சியகம் திங்கட்கிழமை மூடியிருக்கும் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டால் நாள் வீணாகாது.

எத்துவாலிலிருந்து கிளம்பும் மூன்றாவது வழி இரண்டாம் தடம். அது நம்மவர்களுக்கு உரியது. அன்வேரில் இறங்கி மோன்மார்த்ரக் குன்றேறிச் சாக்ரே கேர் தேவாலயத்தைப் பார்த்துவிட்டு, மீண்டும் ஏறினால் அடுத்த இரண்டாவது நிறுத்தம் லாச்சப்பல். நிலையத்தை விட்டு இறங்கியதும் கறிவேப்பிலை வாசனையும் தமிழ்ப் பெயர்ப்பலகைகளும் வரவேற்கும். ஈழத்தமிழர்கள் கட்டி எழுப்பிய இந்தக் கடைத்தெருவுக்கும், ரூ பஜோலில் உள்ள மாணிக்க விநாயகர் ஆலயத்துக்கும் போகாமல் ஒரு தமிழர் பாரிஸ் பார்த்தேன் என்று சொல்வது முறையாகாது. கோடை இறுதியில் அந்தக் கோயில் தேர் தெருவில் ஓடும்போது, சூறைத் தேங்காய் உடைபடுவதை வழிப்போக்கரான பிரெஞ்சுக்காரர்களும் நின்று பார்ப்பார்கள். கூடாரத்தில் சமைக்கிறவர்களுக்கு லாச்சப்பல் பெரிய கொடை: கொத்துரொட்டியைச் சாப்பிட்டுவிட்டு, இரவுக்கு இடியப்பமும் சம்பலும் பொதி கட்டி வாங்கிக்கொண்டு, மறுநாளைக்குப் பச்சை மிளகாயும் பருப்பும் எடுத்துக்கொண்டு திரும்பலாம். சிறு எரிவாயு அடுப்பு வைத்திருப்பவர்கள், பிரான்சின் சாதாரணக் கடைகளில் அழுத்திப் பூட்டும் வகைக் கலன்களே அதிகம் என்பதையும், திருகு வகைக் கலனுக்கு டெகாத்லான் போன்ற விளையாட்டுப் பொருள் கடைகளுக்குப் போக வேண்டும் என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது.

திரும்பும் நேரத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மெத்ரோ நள்ளிரவுக்குப் பிறகும் ஓடும், ஆனால் பேருந்தின் கடைசி நேரம் அதற்கு முன்பே வந்துவிடும். இரவில் பூலோஞ் காட்டுச் சாலைகளில் தனியாக நடந்து வருவதைப் பெண்களுக்கும் ஆண்களுக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன். பேருந்தின் நேரத்தைக் காலையிலேயே குறித்துக்கொள்ளுங்கள், தவறினால் வாடகைக் காருக்குக் காசு ஒதுக்கி வையுங்கள். ஒளிவிளக்கு ஏற்றிய ஈஃபிள் கோபுரத்தை நின்று பார்க்க விரும்புகிறவர்களுக்கு இந்தத் தளத்தின் தொலைவு உறுத்தவே செய்யும். அவர்கள் ஓரிரவேனும் நகரத்துக்குள் அறை எடுப்பதே மேல்.

வண்டியை எடுத்தே ஆக வேண்டும் என்று கை துறுதுறுக்கிறவர்கள் மாலையில் சுரேன் பாலத்தைக் கடந்து மோன் வலேரியன் குன்றின் மேல் ஏறலாம். இரண்டாம் உலகப் போரில் நாஜிப் படையினர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட எதிர்ப்புப் போராளிகளையும் பணயக் கைதிகளையும் சுட்டுக் கொன்ற இடம் அது. 1960 ஜூன் 18 அன்று பிரெஞ்சு அதிபர் த கோல் திறந்துவைத்த நினைவகம் அங்கே இருக்கிறது. குன்றின் சரிவிலிருந்து பாரிஸ் முழுதும் கிழக்கே விரிந்து கிடப்பதைப் பார்க்கலாம். சுற்றுலாப் பேருந்துகள் எட்டாத இந்த இடம், பைக் உள்ளவர்களுக்குச் சில நிமிட ஓட்டம்.

புறப்படும் நாளில் இந்தத் தளத்தின் இருப்பிடம் இன்னொரு முறை கைகொடுக்கிறது. நகரின் மேற்கு விளிம்பில் இருப்பதால், பெரிஃபெரிக்கைத் தொடாமலே வெர்சாய் அரண்மனைக்கோ லுவார் பள்ளத்தாக்குக்கோ திரும்பிவிடலாம். வெர்சாய் திங்கட்கிழமை மூடியிருக்கும். வழிகாட்டிச் செயலியை மட்டும் முன்கூட்டிச் சரிபாருங்கள்: பக்கத்தில் ருவேய் மால்மேசோனில் தொடங்கும் ஏ86 டியூப்ளெக்ஸ் சுரங்கச் சாலையில் மோட்டார் சைக்கிள்களுக்கு அனுமதி இல்லை. காருக்கான வழியைக் காட்டும் செயலி உங்களை அதன் கட்டணச் சாவடி வரை கொண்டுபோய் நிறுத்திவிடும். சுரேன், சேன் குளூ வழியான மேற்பரப்புச் சாலைகளையே எடுங்கள்.