தடைக்காலத்தில் வஞ்சிரம் தராத மீன் மெஸ்

கிருஷ்ணகிரியிலிருந்து அணைக்குச் செல்லும் சாலையில் மீன் வறுத்து விற்கும் கடைகளுக்குக் குறைவில்லை. அவற்றுக்கு நடுவே, தகரக் கூரையின் கீழ் சில மேசைகளைப் போட்டு நடத்தப்படும் இந்தச் சிறிய மெஸ்ஸைப் பற்றித் தனியாக எழுதத் தூண்டியது அதன் வாசலில் இருக்கும் கரும்பலகைதான். அன்றைய மீன், அது வந்த இடம், விலை ஆகிய மூன்றையும் சுண்ணக்கட்டியால் எழுதி, உள்ளே நுழைவதற்கு முன்பே கண்ணில் படும்படி வைத்திருக்கிறார்கள். மே மாத நடுவில் குடும்பத்துடன் சென்றபோது ஜிலேபிக்கும் ரோகுவுக்கும் நேரே ‘அணை’ என்றும், மத்திக்கு நேரே ‘மங்களூர்’ என்றும் எழுதியிருந்தது. வழக்கம்போல் வஞ்சிரம் கேட்ட என் மைத்துனரிடம், “தடைக்காலம் முடியட்டுங்க, அதுவரைக்கும் நாங்க வஞ்சிரம் எடுக்கறதில்லைங்க” என்று பரிமாறிய அம்மா சொல்லிவிட்டார்.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் மீன்பிடிக்கச் செல்லக் கூடாது. மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்பதற்காக விதிக்கப்படும் இந்தத் தடை நாட்டுப்படகுகளுக்குப் பொருந்தாது. மேற்குக் கடற்கரையிலோ தடை ஜூன் மாதத்தில்தான் தொடங்குகிறது. ஆகவே மே மாதத்தில் மங்களூர் மத்தி கிடைப்பதில் முறைகேடு ஏதுமில்லை. ஆனால் சென்னைக் கடற்கரையிலிருந்து சுமார் 250 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் நம் ஊரில், அந்த இரண்டு மாதங்களிலும் கேட்டவுடன் தட்டுக்கு வந்துவிடும் வஞ்சிரத் துண்டு எந்தக் கரையில் இறங்கியது, எத்தனை நாள் ஐஸில் கிடந்தது என்பதைப் பெரும்பாலான உணவகங்கள் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை. இந்தக் கடை கேட்காமலேயே சொல்கிறது.

சமைப்பதற்கு முன் மீனை ஒரு எவர்சில்வர் தட்டில் வைத்து மேசைக்கே கொண்டுவந்து காட்டுகிறார்கள். ஜிலேபியின் செவுளைத் தூக்கிப் பார்த்தேன். நல்ல சிவப்பாக இருந்தது, விரலால் அழுத்திய இடத்தில் பள்ளம் நிற்கவில்லை. அதே மீன் சற்று நேரத்தில், இருபுறமும் மூன்று மூன்று கீறல்களுடன், மிளகாயும் பூண்டும் அரைத்த மசாலா கீறல்களுக்குள் இறங்கி, வால் முறுகலாக, கறிவேப்பிலையோடு வந்தது. நிறத்துக்காகச் சிவப்புப் பொடி எதையும் கலக்கவில்லை என்பது கையைக் கழுவும்போதே தெரிந்துவிடுகிறது. ஜிலேபியை மட்டமான மீன் என்று ஒதுக்குபவர்கள் நம்மிடையே உண்டு. 1952-ஆம் ஆண்டு வெளியிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட இந்த மீன், யாரும் குஞ்சு விடாமலேயே நீர்நிலைகளில் பல்கிப் பெருகி, உள்ளூர் மீன்களின் இரையையும் இடத்தையும் பிடித்துக்கொள்கிறது. அதை எவ்வளவு தின்று தீர்த்தாலும் அணைக்கு நட்டமில்லை என்பதே என் எண்ணம்.

இருப்பினும் இங்கே முதலில் கேட்க வேண்டியது மத்திக் குழம்புதான். கிளிமூக்கு மாங்காயைத் தோலோடு பெரிய துண்டுகளாக நறுக்கிப் போட்டு, புளியைக் குறைத்து, மண்சட்டியில் வைத்த குழம்பு அது. தடைக்காலமும் நம் மாவட்டத்து மாங்காய்க் காலமும் ஒன்றாக வருவதை இந்த வீட்டுச் சமையல்காரர்கள் நன்றாகப் பயன்படுத்திக்கொள்கிறார்கள். சோற்றைவிட ராகிக் களிக்கே அது பொருந்துகிறது. களியில் குழி செய்து குழம்பை ஊற்றி, மீனை முள்ளிலிருந்து வழித்துச் சேர்த்து விழுங்கும்போது, வஞ்சிரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த மைத்துனரே இரண்டாவது உருண்டை கேட்டார். மத்தி விரைவாக முதிர்ந்து பெருகும் சிறுமீன் என்றாலும், அதையும் குஞ்சிலேயே அள்ளினால் வற்றிவிடும். கேரளத்தில் 10 சென்டிமீட்டருக்குக் குறைவான மத்தியைப் பிடிக்கத் தடை இருக்கிறது. எங்கள் சட்டியில் வந்தவை எல்லாம் அந்த அளவைத் தாராளமாகத் தாண்டியவை.

குறைகளும் உண்டு. ரோகு வறுவல் உள்ளே காய்ந்துபோயிருந்தது, முள்ளும் மிகுதி. குழந்தைகளுக்கு வாங்கித் தர வேண்டாம். பலகையில் எல்லா மீனுக்கும் ஊர் எழுதுபவர்கள் இறாலுக்கு மட்டும் வெறும் விலையை எழுதியிருக்கிறார்கள். பண்ணை இறால் என்று கேட்ட பிறகே சொன்னார்கள். எந்த ஊர்ப் பண்ணை என்பதற்குப் பதில் இல்லை. அதைவிட முக்கியமானது ஆற்று நீர். ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணையில் தென்பெண்ணை நுரை பொங்கி நிற்பதைச் செய்திகளில் பார்த்துப் பழகிவிட்டோம். அந்த ஆறுதான் கிருஷ்ணகிரி அணைக்கும் வந்து சேர்கிறது. ‘அணை மீன்’ என்ற சொல்லே தூய்மைக்குச் சான்று ஆகிவிடாது. இதற்கு ஒரு மெஸ் உரிமையாளர் என்ன செய்ய முடியும் என்று கேட்கலாம், நியாயமான கேள்விதான். அணை நீரையும் மீனையும் பரிசோதித்து, முடிவை எல்லாரும் அறியும்படி வெளியிட வேண்டியது அரசின் வேலை.

ஒகேனக்கல்லில் நாமே மீன் வாங்கிக் கொடுத்து, அங்குள்ள பெண்களிடம் சமைத்து வாங்கிச் சாப்பிடும் சுகம் இங்கே கிடைக்காது. ஆனால் அங்கே விடுமுறை நாட்களில் நடக்கும் பேரமும் இங்கே இல்லை. பலகையில் எழுதிய விலைதான் பில்லிலும் வருகிறது. களி, குழம்பு, ஒரு வறுவல் என்று சாப்பிட்டால் ஒருவருக்கு இருநூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் முக்கால் மணி நேரம் வரை காத்திருக்க நேரிடலாம், கார் நிறுத்த இடமும் போதாது. மத்தி பிற்பகல் இரண்டு மணிக்கெல்லாம் தீர்ந்துவிடுவதால், வார நாளில் பன்னிரண்டரைக்கே போய் உட்கார்ந்துவிடுவது நல்லது.